பாட்டுக்குள் குடியிருத்தல்
(மனோதர்மத்தையும் சாதகத்தையும் குறித்துப் புதுக்கோட்டையில் இசை மாணவர்முன் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஒரு பாட்டை எவ்விதம் சாதகம் செய்தால் அந்தப் பாட்டிலிருந்து நமக்கே உரிய சங்கீதம் பிறக்கும் என்பதுதான் இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம். பாட்டைப் பிழையின்றிப் பாடுவதற்கான சாதகம் ஒன்று. அந்தப் பாட்டின் மீது நின்றுகொண்டு, அதுவரையில் யாரும் பாடியிராத ஒன்றை, சபையின் நடுவே, அந்தக் கணத்தில் படைப்பதற்கான சாதகம் மற்றொன்று. முதலாவதைப் பற்றி நம்முடைய ஆசிரியர்கள் நிறையச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டாவதைப் பற்றி, ஆலாபனையும் நிரவலும் கல்பனை ஸ்வரமும் தனி ஆவர்த்தனமும் நம் கச்சேரியின் உயிர்நிலையாக இருந்தும், வெளிப்படையாகப் பேசுவது குறைவு. அமெரிக்காவிலே கறுப்பின மக்கள் வளர்த்த ஜாஸ் என்னும் சங்கீதத்தில் இந்தக் கேள்வியே அன்றாடக் கேள்வி. ஒரு மெட்டைக் கையில் எடுத்து, அதை ஒருமுறை வாசித்துவிட்டு, பிறகு அரைமணி நேரமானாலும் அதன் மீது தம் கற்பனையைச் செலுத்துவதே அவர்களுடைய தொழில். ஆகையால் அந்த மெட்டை வீட்டில் எப்படிப் பயிலவேண்டும் என்பதை அவர்கள் ஒரு சாஸ்திரம்போலவே ஆராய்ந்து வைத்திருக்கிறார்கள். அவர்கள் கண்டதையும் நம்முடைய முன்னோர் கண்டதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க இந்தப் புதுக்கோட்டைச் சீமையைவிடத் தகுந்த இடம் எனக்குத் தெரியவில்லை. அதற்கான காரணத்தைப் போகப்போகச் சொல்லுகிறேன்.

மனோதர்மம் என்பது பிறவியிலே வரவேண்டும், கற்பிக்க வராது என்று ஓர் அபிப்பிராயம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. இந்த அபிப்பிராயத்தை நான் அடியோடு மறுக்கிறேன். இதனால் விளைந்த கேடு பெரிது. பிறவியில் வரவில்லை என்று தங்களைப் பற்றித் தாங்களே முடிவு கட்டிக்கொண்ட மாணவர்கள், போட்டிக்கும் பரீட்சைக்கும் ஸ்வரம் பாடவேண்டி வரும்போது, ஆசிரியர் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொடுத்த கல்பனை ஸ்வரங்களை நெட்டுருப் பண்ணி ஒப்பிக்கிறார்கள். கல்பனை என்ற பெயர் அதற்கு எப்படிப் பொருந்தும்? அந்தக் குழந்தைகளை நான் குறைசொல்லவில்லை. அவர்களுக்கு வேறு வழி காட்டப்படவில்லை என்பதே என் மனத்தை வருத்துகிறது. வழி இருக்கிறது. நூறு பாட்டைச் சேகரிப்பதை நிறுத்திவிட்டு, ஒரு பாட்டுக்குள்ளே மாதக்கணக்கில் குடியிருப்பதுதான் அந்த வழி என்று நான் நம்புகிறேன்.

குடியிருப்பது என்றால் என்ன? இருட்டில் விளக்கில்லாமல் நம் சொந்த வீட்டில் நடமாடுகிறோமே, எந்த வாசற்படி எங்கே, எந்தத் தூண் எங்கே என்று கால் அறிந்து நடக்கிறதே, அந்த நிலை பாட்டிலே வரவேண்டும். பல்லவியிலிருந்து தொடங்கினால் மட்டும் பாட வருகிறது, நடுவில் சரணத்தின் மூன்றாம் வரியைக் கேட்டால் முதலிலிருந்து மனத்துக்குள் ஓட்டிப் பார்த்தே பிடிக்க முடிகிறது என்றால், அந்தப் பாட்டு இன்னும் நம்முடையதாகவில்லை. ஆகவே முதற் பரீட்சை இது: தாளத்தைக் கையில் போட்டுக்கொண்டு, எந்த வரியை எவர் கேட்டாலும், அந்த வரியின் எடுப்பு விழும் இடத்தில் தயக்கமின்றி எடுக்க வருகிறதா என்று பார்ப்பது. வாய்ப்பாட்டுக்காரர்களுக்கு மட்டுமன்று, வயலினோ வேணுவோ நாகஸ்வரமோ பயில்வோருக்கும், மிருதங்கம் பயில்வோருக்கும் இது பொருந்தும். வாத்தியத்தில் கை போவதற்கு முன் வாய் பாடவேண்டும். கை தெரிந்து மனம் தெரியாத பாட்டில் கற்பனை முளைக்காது. ஜாஸ் ஆசிரியர்கள் சொல்லும் முதற் பாடமும் இதுவே. டிரம்பெட் வாசிப்பவனானாலும் பியானோ வாசிப்பவனானாலும், மெட்டை முதலில் ஒலித்தட்டில் கேட்டுக் கேட்டு வாயால் பாடு, காகிதத்தைப் பார்க்காதே என்பார்கள். பிறகு, அந்த மெட்டுக்கு அடியில் பாஸ் வாத்தியம் நடக்கும் நடையையும் வாயால் பாடச் சொல்லுவார்கள்.

ஒரு திருஷ்டாந்தத்தை எடுத்துக்கொள்வோம். தியாகராஜ ஸ்வாமிகளின் 'சக்கனி ராஜ மார்க்கமு' உங்களில் பலர் அறிந்த கீர்த்தனை. 22-ஆவது மேளமாகிய கரஹரப்ரியாவில், ஆதி தாளத்தில், இரண்டு களையில் அமைந்தது. அதே ஏழு ஸ்வரங்களைக் கொண்ட ஒரு சட்டத்தை மேல்நாட்டார் டோரியன் என்கிறார்கள். அந்தச் சட்டத்தின் மீது ஜாஸ் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் 1959-இல் 'சோ வாட்' என்ற உருப்படியைப் பதிவு செய்தார். அது 32 அளவைகள் கொண்டது, அளவைக்கு நான்கு அடி. நம் கணக்கில் சொன்னால், ஆதி தாளத்தில் பதினாறு ஆவர்த்தனம். முதல் எட்டு ஆவர்த்தனம் ஒரு ஷட்ஜத்தில் நடக்கும். அடுத்த நான்கு ஆவர்த்தனத்தில் அந்த ஆதாரத்தையே அரை ஸ்வரம் மேலே தூக்கி, அதே சட்டத்தில் நடக்கும். கடைசி நான்கு மறுபடி பழைய ஆதாரத்துக்கு இறங்கிவிடும். பிறகு முதலிலிருந்து சுற்றும். இந்தப் பதினாறு ஆவர்த்தனச் சுற்றின் மீதே ஒவ்வொருவராகக் கற்பனை செய்வார்கள். எங்கே ஏறவேண்டும், எங்கே இறங்கவேண்டும் என்பதை எண்ணிக்கொண்டே வாசிப்பவன் கற்பனை செய்ய முடியாது; எண்ணாமலே உடம்பு அறிந்திருக்கவேண்டும். அதற்காக அவர்கள் செய்யும் சாதகம் எளியது, ஆனால் பொறுமை வேண்டுவது. மெட்டை வாசிக்காமல், மௌனமாக, காலால் தட்டிக்கொண்டே முழுச் சுற்றையும் மனத்துக்குள் ஓடவிட்டு, சுற்று முடியும் இடத்தில் ஒரே ஒரு ஸ்வரத்தை ஒலிப்பார்கள். இடம் தவறியிருந்தால் அந்த ஒரு ஸ்வரமே காட்டிக்கொடுத்துவிடும்.

நமக்கும் அந்தச் சாதகம் வேண்டும். ஆனால் நம் கீர்த்தனைகளில் அதற்கும் மேலான ஒரு கருவியை வாக்கேயக்காரர்களே வைத்துப் போயிருக்கிறார்கள். அதுதான் சங்கதி. ஒரே வரி; ஒரே சாகித்தியம்; முதல் தடவை எளிமையாக வருகிறது; இரண்டாம் தடவை ஓரிடத்தில் மட்டும் சிறிது மலர்கிறது; மூன்றாவதில் அந்த மலர்ச்சி இன்னும் விரிகிறது; இப்படியே வளர்ந்து, ஒவ்வொன்றும் முன்னதைத் தாங்கிக்கொண்டு மேலே போகிறது. மாணவர்கள் சங்கதிகளை வரிசை எண்ணாக மனப்பாடம் செய்துவிட்டு, எத்தனை சங்கதி தெரியும் என்று பெருமை பேசுவதை நான் கேட்டிருக்கிறேன். சங்கதியின் உபயோகம் அங்கே இல்லை. இரண்டாம் சங்கதி முதற் சங்கதியை எந்த அட்சரத்தில் தொட்டது, எதைத் தொடாமல் விட்டது, ஏன் விட்டது என்று நிதானமாக ஆராய்ந்தால், ஒரு மகா மேதையின் மனோதர்மம் எந்தப் பாதையில் நடந்தது என்பதை அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததுபோல் ஆகிவிடும். பார்த்தபிறகு, மூன்றாம் சங்கதியைப் பாடாமல் நிறுத்திக்கொண்டு, இரண்டாவதிலிருந்து நாமாக ஒரு மூன்றாவதைக் கட்டிப் பார்க்கவேண்டும். கட்டியது நன்றாக இராது; முதல் நூறு நன்றாக இராது என்றே வைத்துக்கொள்ளுங்கள். பின்பு உண்மையான மூன்றாவதைப் பாடிப் பார்த்தால், நாம் எதைக் காணத் தவறினோம் என்பது துலக்கமாகத் தெரியும். இதைவிட நல்ல ஆசிரியர் கிடையாது.

இந்தப் பாதை தானாகவே நிரவலில் கொண்டுபோய் விடுகிறது. நிரவலுக்கு நம் சம்பிரதாயம் ஒரு கட்டுப்பாடு விதித்திருக்கிறது: சாகித்தியத்தின் சொற்கள் தாளத்தில் எந்த இடத்தில் விழுந்தனவோ அந்த இடத்தைவிட்டு நகரக்கூடாது, ராகம் மட்டும் விரியலாம். இளைஞர்களுக்கு இது விலங்காகத் தோன்றுகிறது. எனக்கோ, மனோதர்மப் பயிற்சிக்காக மனிதர் கண்ட உபாயங்களுள் இதுவே தலைசிறந்தது என்று தோன்றுகிறது. சொல் நிலைத்து நிற்பதால் இடம் தவறாது. இடம் தவறாது என்ற தைரியத்தால் ராகம் துணிந்து விரிகிறது. ஜாஸ் மாணவனுக்கு ஆசிரியர் சொல்வதும் இதை ஒட்டியதே. மெட்டை விட்டு ஓடாதே. முதலில் மெட்டின் தாள அமைப்பை அப்படியே வைத்துக்கொண்டு ஸ்வரங்களை மாற்று. அடுத்தபடியாக ஸ்வரங்களை வைத்துக்கொண்டு தாள அமைப்பை மாற்று. இவ்விரண்டும் கை வந்தபிறகே இரண்டையும் மாற்று என்பார்கள். ஒரு வரியை எடுத்துக்கொண்டு, ஒரு வாரம் முழுவதும், முதற் காலத்திலேயே நிரவல் செய்து பாருங்கள். மூன்றாம் நாள் அலுப்புத் தட்டும். தெரிந்த பிடிகள் எல்லாம் தீர்ந்துபோனதால் வரும் அலுப்பு அது. அதைத் தாண்டியபிறகு வருவதுதான் உங்களுடைய கற்பனை. பெரும்பாலோர் மூன்றாம் நாளே பாட்டை மாற்றிவிடுகிறார்கள்.

இனிக் குடுமியான்மலைக்கு வருகிறேன். இங்கிருந்து சுமார் 20 கிலோமீட்டர் தூரத்தில், சிகாநாதஸ்வாமி கோயிலுக்குப் பின்னால், மேலைக்கோயில் என்னும் குடைவரையை ஒட்டிய பாறைச் சரிவில், ஏறத்தாழ 13 அடிக்கு 14 அடிப் பரப்பில், பல்லவ கிரந்த எழுத்தில் ஒரு சங்கீதக் கல்வெட்டு இருப்பதை உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. பண்டார்க்கர் என்னும் அறிஞர் அதைப் படித்து, எபிகிராபியா இண்டிகா என்னும் கல்வெட்டு இதழின் பன்னிரண்டாம் தொகுதியில் வெளியிட்டு ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. கல்வெட்டு ஏழாம் எட்டாம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தது என்பார்கள். வெட்டுவித்த அரசன் பல்லவ மகேந்திரவர்மன்தானா என்பதில் அறிஞர் ஒருமைப்படவில்லை. மத்யமக்ராமம், ஷட்ஜக்ராமம், ஷாடவம், ஸாதாரிதம், பஞ்சமம், கைசிகமத்யமம், கைசிகம் என்று ஏழு பகுதிகளாக ஸ்வரங்களை அடுக்கி வெட்டியிருக்கிறார்கள். இதை வரலாற்றுச் சின்னமாகப் பார்க்கிறோம்; புகைப்படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறோம். அதன் முடிவுரையில் என்ன எழுதியிருக்கிறது என்பதை மாணவர்கள் கவனிக்கவேண்டுமென்று விரும்புகிறேன். ருத்ராசாரியாருடைய சிஷ்யனும் பரம மாகேசுவரனுமாகிய ஓர் அரசன், மாணாக்கர்களின் நன்மையைக் கருதி இந்த ஸ்வரங்களை அமைத்தான் என்று சொல்லியிருக்கிறது. கீழே தமிழில், இவை எட்டுக்கும் ஏழுக்கும் உரியவை என்னும் பொருள்பட ஒரு வரியும் இருக்கிறது. வீணையின் நரம்புகளை அது குறிக்கிறது என்று கருதுவோர் உண்டு. ஆகவே அந்தப் பாறை ஒரு சாதகப் புத்தகம். தம் புகழைப் பாறையில் வெட்டிய அரசர்கள் எத்தனையோ பேர். மாணவனுடைய பாடத்தைப் பாறையில் வெட்டிய அரசன் இவன்.

அந்தப் பாடத்தின் அமைப்பு என்னை ஆச்சரியத்தில் ஆழ்த்துகிறது. ஸ்வரங்கள் நான்கு நான்காகத் தொகுக்கப்பட்டிருக்கின்றன. ஒரு வரிக்குப் பதினாறு தொகுதிகள். ஒரு வரியில் உள்ள தொகுதிகள் எல்லாம் ஒரே ஸ்வரத்தில் வந்து முடிகின்றன. அடுத்த வரியில் வேறொரு ஸ்வரம் முடிவிடமாகிறது. அதாவது, சேரவேண்டிய இடம் ஒன்று. அங்கே போய்ச் சேரும் வழி பதினாறு. மனோதர்மத்துக்கு வேண்டிய சாதகம் இதைவிடச் சுருக்கமாக எங்கும் சொல்லப்பட்டிருப்பதாக எனக்குத் தெரியவில்லை. கற்பனையில் திணறுகிறவன் பெரும்பாலும் வழி தெரியாமல் திணறுவதில்லை. எங்கே போய் நிற்கவேண்டும் என்று தெரியாததால்தான் திணறுகிறான். நிற்கும் ஸ்வரம் தீர்மானமாகிவிட்டால், அதற்கு முன்வரும் மூன்று ஸ்வரங்கள் தாமே கை நீட்டும். கரஹரப்ரியாவின் காந்தாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஸரிமக, நிஸரிக, பமரிக, தபமக என்று பதினாறு வழியில் அந்தக் காந்தாரத்தை அடைந்து பாருங்கள். கமகத்தோடு பாடுங்கள், வெறும் எண்ணிக்கையாகப் பாடாதீர்கள். பதினாறில் எவை ராகத்தின் முகத்தோடு வருகின்றன, எவை வெறும் ஸ்வர வரிசையாக நின்றுவிடுகின்றன என்பதை உங்கள் காதே பிரித்துச் சொல்லும். கல்பனை ஸ்வரத்தில் ஒரு ஸ்வரத்தை நிலையாக வைத்துக்கொண்டு பாடிக் குறைப்பு செய்யும் வழக்கத்துக்கும் இதற்கும் உள்ள உறவை வித்வான்கள் உணர்வார்கள். ஜாஸ்காரர்களும் இதையே செய்கிறார்கள்: கீழே ஒரே வேளையில் ஒலிக்கும் ஸ்வரக்கூட்டு, அவர்கள் கார்ட் என்பது, மாறும்போது, புதிய கூட்டின் முக்கியமான ஒரு ஸ்வரத்தில் மாறும் கணத்திலேயே வந்து இறங்கவேண்டும் என்று குறி வைத்துக்கொண்டு, மேலிருந்தும் கீழிருந்தும் சுற்றி வளைத்தும் அதை அடையும் வழிகளை மணிக்கணக்கில் பயில்கிறார்கள். குடுமியான்மலையை அறியாமலே அந்தப் பாடத்தைக் கண்டுபிடித்தார்கள் என்றால், பாடம் உண்மையானது என்பதற்கு அதுவே சாட்சி.

ஸ்வரத்தில் சேருமிடம் ஒன்று இருப்பதுபோல, தாளத்திலும் ஒன்று இருக்கிறது. அதை நாடு முழுவதற்கும் சொல்லிக்கொடுத்தது இந்தப் புதுக்கோட்டை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கே வாழ்ந்த மான்பூண்டியா பிள்ளை, மாமூண்டியா பிள்ளை என்றும் சொல்லுவார்கள், கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்கு உரிய வாத்தியமாக்கினவர் என்று போற்றப்படுபவர். தவிலின் லயச் செல்வத்தையெல்லாம் அந்தச் சிறு வாத்தியத்துக்குள் அடக்கியவர். பலாமரத்தில் குடைந்த ஒரு வளையம், ஒருபுறம் உடும்புத் தோல், விளிம்பில் ஒரு ஜோடி ஜல்லி. ஒரு கையில் பிடித்துக்கொண்டு மற்றொரு கையால் மட்டும் வாசிக்கவேண்டும். இன்று சட்டப்படி உடும்புத் தோல் கூடாது. வேறு தோலிலும் செயற்கைப் பொருளிலும் செய்கிறார்கள். மிருதங்கத்துக்கு இருப்பதுபோல் நிலையான ஸ்ருதி கிடையாது. தோலை நீரால் நனைத்தும் விரலால் அழுத்தியும் நாதத்தை இறக்கவேண்டும். இத்தனை குறுகிய வசதிக்குள்ளிருந்து ஒரு பெரிய சம்பிரதாயமே வளர்ந்தது. இதைக் காட்டிலும் சாதகத்துக்குச் சிறந்த போதனை வேண்டுமா? வசதியைக் குறைத்துக்கொண்டு பயிலும்போது கற்பனை கூர்மையடைகிறது. மூன்று ஸ்வரத்துக்குள்ளேயே பத்து நிமிஷம் ஆலாபனை செய்து பார்ப்பதும், மத்திய ஸ்தாயியை விட்டு வெளியே போகாமல் ஸ்வரம் பாடிப் பார்ப்பதும், ஒரு கையால் தனி வாசித்துப் பார்ப்பதும், நாமே நமக்கு ஒரு கஞ்சிராவைச் செய்துகொள்வது போலத்தான்.

கணக்கு என்றால் மாணவர்கள் அஞ்சுகிறார்கள். அல்லது அதையே சங்கீதம் என்று மயங்குகிறார்கள். இரண்டும் வேண்டாம். 'ததிகிணதொம்' என்ற ஐந்து எழுத்துச் சொல்லை மூன்று முறை சொல்லி முடிக்கும் தீர்மானம் பதினைந்து மாத்திரை. ஒரு களை ஆதி தாளம், சதுஸ்ர நடையில், முப்பத்திரண்டு மாத்திரை. சமத்தில் எடுக்கும் பாட்டானால், பதினேழு மாத்திரை கழித்துத் தீர்மானத்தைத் தொடங்கவேண்டும். அரை இடத்தில் எடுக்கும் பாட்டானால் பத்தொன்பது. ஒன்றரை இடமானால் இருபத்துமூன்று. சமத்துக்கே முடிக்கும்போது இடையிடையே இரண்டு மாத்திரைக் கார்வை விட்டால், பதின்மூன்று கழித்தே தொடங்கவேண்டும். இதைக் காகிதத்தில் எழுதி எந்தப் பிள்ளையும் கண்டுபிடித்துவிடும். அந்தக் கண்டுபிடிப்பால் எள்ளளவும் பயனில்லை. ஒரே தீர்மானத்தை ஒவ்வோர் எடுப்புக்கும் வாயால் சொல்லி, கையால் தாளம் போட்டு, பதினேழு மாத்திரை கழிவதை எண்ணாமலே நெஞ்சு உணரும்வரையில் சொல்லிக்கொண்டே இருக்கவேண்டும். அந்த உணர்ச்சி வந்தபிறகு கணக்கு மறைந்துவிடும்; பாடகர் பல்லவியைத் தொடும் கணத்தில் கேட்பவர் மெய்சிலிர்ப்பதுதான் மிஞ்சும். பாட்டோடு சேர்த்துச் சொல்வது முக்கியம். பாட்டில்லாமல் பழகிய தீர்மானம், பாட்டு வந்ததும் அன்னியம்போல் நின்றுவிடுகிறது.

மான்பூண்டியா பிள்ளையின் சிஷ்யர் தட்சிணாமூர்த்திப் பிள்ளை (1875–1936) கஞ்சிராவிலும் மிருதங்கத்திலும் நிகரற்றவராக விளங்கினார். பாடகர் காஞ்சிபுரம் நயினாப் பிள்ளையின் கச்சேரிகளில், 'புல் பெஞ்ச்' என்று ஊர் பேசிய அந்தப் பெரிய பக்கவாத்தியக் குழுவில், அவர் கஞ்சிராவோடு அமர்ந்தார். மான்பூண்டியா பிள்ளையின் மற்றொரு சிஷ்யர் பழனி முத்தையா பிள்ளை. அவருடைய புதல்வர்தான் 1962-இல் மறைந்த பழனி சுப்பிரமணிய பிள்ளை, இடக்கை மிருதங்கத்துக்கு அழியாப் புகழ் தந்தவர். கணக்கில் இவர்களுக்கு மிஞ்சியவர் இல்லை என்று உலகம் சொன்னது. ஆனால் பழனியின் பதிவுகளைக் கேட்பவர்கள் முதலில் உணர்வது கணக்கை அன்று. பாட்டின் எடையறிந்து, ஒரு சொல் போதுமானால் ஒரே சொல்லோடு நின்றுவிடும் அந்த அடக்கத்தை. அனுபல்லவி எப்போது மேலே ஏறப்போகிறது என்பது பாடகருக்கு முன்பே இவருக்குத் தெரிந்ததுபோல் இருக்கும். பாட்டுக்குள் குடியிருந்த மிருதங்கம் அது. லய மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கீர்த்தனைகளைப் பாடக் கற்றுக்கொள்ளுங்கள். குரல் இனிமையாக இராவிட்டாலும் குற்றமில்லை.

பழனி சுப்பிரமணிய பிள்ளையின் சிஷ்யர் திருச்சி சங்கரன், 1942-இல் பூவாளூரில் பிறந்தவர், பதின்மூன்றாம் வயதிலேயே ஆலத்தூர் சகோதரர்களின் கச்சேரியில் வாசித்தார். 1971 முதல் கனடாவில் டொராண்டோ நகரத்து யார்க் பல்கலைக்கழகத்தில் மிருதங்கமும் லயமும் கற்பித்தார். ஜாஸ் கலைஞர்களோடும் சேர்ந்து வாசித்தார். புதுக்கோட்டைச் சம்பிரதாயம் அந்த வழியாக ஜாஸ் உலகத்தின் வாசலுக்கே போய்ச் சேர்ந்தது. ஜான் மெக்லாக்லின் என்ற கிட்டார் கலைஞரின் 'சக்தி' குழுவில் நம்முடைய கஞ்சிராவை வி. செல்வகணேஷ் வாசித்தார்; அந்தக் குழுவின் 'திஸ் மொமென்ட்' என்ற இசைத்தொகுப்புக்கு 2024-இல் கிராமி பரிசு கிடைத்தது. பரிசைப் பற்றி எனக்குப் பெரிய அக்கறை இல்லை. இரண்டு சம்பிரதாயத்தார் ஒரே மேடையில் நின்று கணத்துக்குக் கணம் ஒருவருக்கொருவர் பதில் சொல்ல முடிகிறது என்றால், இரு பக்கத்திலும் அடிப்படைச் சாதகம் ஒன்றாக இருந்தாலொழிய அது கூடாது என்பதே நான் எடுத்துக்காட்ட விரும்புவது.

பிறருடைய கற்பனையைப் பின்பற்றிப் பயில்வதைப் பற்றியும் ஒரு வார்த்தை. சார்லி பார்க்கர் என்ற மகா ஸாக்ஸபோன் கலைஞர், 1937-ஆம் ஆண்டுக் கோடையில், பதினாறு வயதுப் பையனாக இருந்தபோது, ஓஸார்க் மலைப்பகுதியில் ஒரு வேலைக்குப் போன இடத்துக்கு லெஸ்டர் யங்கின் இசைத்தட்டுகளைக் கொண்டுபோய், அவருடைய வாசிப்பை வரிக்கு வரி தம் வாத்தியத்தில் பிடித்தார் என்று அவருடைய சரித்திரத்தில் சொல்லுவார்கள். திரும்பி வந்தபோது அவர் வேறு மனிதர். நம் குருகுலத்தில் மாணவன் தம்பூராவை மீட்டிக்கொண்டு குருவின் பின்னால் அமர்ந்து செய்ததும் அதுவே. ஆனால் பார்க்கர் லெஸ்டர் யங்காக ஆகிவிடவில்லை. பிடித்த வரியை வைத்துக்கொண்டு அவர் மேலும் வேலை செய்தார். நாகஸ்வர மேதை ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ராகத்தைப் பதிவில் கேட்கும் மாணவர்கள், அதில் ஒரு பிடியை எடுத்துக்கொண்டு, அது எந்த ஸ்வரத்தில் நிற்கிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது, அந்த நிறுத்தத்துக்குப் பின் எங்கே போகிறது என்று கேட்டு, பின்பு அதே நிறுத்தத்துக்குத் தாமாக வேறொரு வழி தேடவேண்டும். பிடியை மட்டும் எடுத்துவந்து கச்சேரியில் ஒட்டவைப்பது பிச்சை எடுத்த பாத்திரத்தைப் பந்தியில் வைப்பதாகும்.

ஸானி ராலின்ஸ் என்ற ஸாக்ஸபோன் கலைஞர் புகழின் உச்சியில் இருந்தபோதே, 1959-இல், கச்சேரிகளை நிறுத்திவிட்டு, நியூயார்க்கில் வில்லியம்ஸ்பர்க் பாலத்தின் நடைபாதையில் நின்று, சுமார் இரண்டு ஆண்டுகள் சாதகம் செய்தார். அக்கம்பக்கத்து வீடுகளுக்குத் தொந்தரவாக இருக்கக்கூடாது என்பது ஒரு காரணம். தம் வாசிப்பு தமக்கே திருப்தி தரவில்லை என்பது பெரிய காரணம். நம் செம்மங்குடி சீனிவாச ஐயர் தமக்கு வாய்த்த குரலோடு போராடி அசுர சாதகத்தால் அதை வசப்படுத்திக்கொண்டவர் என்பதை எல்லோரும் அறிவார்கள். இவர்களுடைய உழைப்பை மணிக்கணக்கில் அளந்து பேசுவது நம் வழக்கமாகிவிட்டது. எட்டு மணி நேரம், பத்து மணி நேரம் என்று கேட்டு இளைஞர்கள் மலைத்துப் போகிறார்கள். எவ்வளவு நேரம் என்பதைவிட எதன் மீது என்பதே கேட்கவேண்டிய கேள்வி. வேலைக்கும் படிப்புக்கும் இடையில் ஒரு மணி நேரம்தான் கிடைக்கிறதென்றால், கால் மணி ஒரு வரியின் நிரவலுக்கு, கால் மணி ஒரு ஸ்வரத்துக்குப் போய்ச் சேரும் வழிகளுக்கு, மிச்சம் பாட்டு முழுவதையும் தாளத்தோடு நிதானமாகப் பாடுவதற்கு என்று வைத்துக்கொண்டால், ஆறு மாதத்தில் அந்தப் பாட்டு உங்களோடு பேசத் தொடங்கும். இரண்டாம் பாட்டுக்கு அவ்வளவு காலம் வேண்டியிராது. முதற் பாட்டில் கற்ற வழிகள் அங்கேயும் திறக்கும்.

கடைசியாக ஒன்று. தனியறைச் சாதகத்தில் கைவந்த மனோதர்மம் துணையோடு சேர்ந்தவுடன் தடுமாறுவதுண்டு. ஏனெனில் தனியறையில் நம்மை யாரும் இடைமறிப்பதில்லை. மேடையில் வயலின் ஒரு பிடியைத் திருப்பித் தருகிறது. மிருதங்கம் ஒரு நடையைக் காட்டுகிறது. அதைக் கேட்டு நம் வழியை அந்தக் கணமே மாற்றிக்கொள்ளவேண்டும். கேட்பதும் சாதகத்தில் ஒரு பகுதி. ஆகவே வாய்ப்பாட்டு மாணவர்கள் வாரம் ஒருமுறையேனும் ஒரு மிருதங்க மாணவரோடும் ஒரு வயலின் மாணவரோடும் உட்கார்ந்து, கச்சேரி செய்வதுபோலச் செய்யாமல், ஒரே வரியை மாறி மாறி எடுத்துக்கொண்டு, ஒருவர் முடித்த ஸ்வரத்திலிருந்தே மற்றவர் தொடங்கவேண்டும் என்ற ஒரே நிபந்தனையோடு பயிலவேண்டுமென்று கேட்டுக்கொள்ளுகிறேன். இந்தச் சபையிலேயே வாய்ப்பாட்டும் வயலினும் மிருதங்கமும் பயில்வோர் பலர் அமர்ந்திருக்கிறீர்கள். கூட்டம் கலைவதற்கு முன்னால், யார் யாரோடு, எந்தக் கிழமை, எந்த வீட்டில் என்று பேசிக்கொண்டு போங்கள்.